பதினைந்து சுமைகாரர்கள்

மொரோக்கோப் பயணி இப்னு பதூதா பேச்சு எடுத்தால் எங்கட ஆட்கள் யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். 1344இல் புத்தளத்தில் அந்த அரசனைக் கண்டார், அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது, முத்துக்களைக் காட்டினான். சரி, பெருமைதான். ஆனால் அடுத்த வரியை யாரும் சொல்வதில்லை. "உனக்கு என்ன வேண்டும்?" என்று அரசன் கேட்க, சிவனொளிபாதமலைக்குப் போகவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்கிறார் இவர். உடனே ஒரு பல்லக்கு, அதைத் தூக்க அடிமைகள், நாலு யோகிகள், மூன்று பிராமணர்கள், பரிவாரத்தில் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர்.

அந்தப் பதினைந்து பேரில் ஒருவருடைய பெயராவது இருக்கிறதா? இல்லை. அட்டைக்கடியும் வழுக்குப்பாறையும் அவர்களுக்கும்தானே இருந்திருக்கும். மலைப்பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமிமார், அதாவது மூட்டை தூக்கும் ஆட்கள், வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தோளில் மூட்டை, "வழி, வழி" என்று தமிழில் ஒரு சத்தம், அதே மூச்சில் சிங்களத்தில் ஒன்று, கடை முதலாளியோடு கணக்குப் பேச இரண்டும் கலந்து. பண்பாட்டுப் பரிமாற்றம் என்று கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசுகிறோமே, எனக்கு அது இந்த ஆட்களின் வாயில்தான் கேட்கிறது. கொழும்பைத் தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று அந்தப் பயணி எழுதியபோதும் துறையில் இப்படித்தான் நாலு பாஷை கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கொழும்பு நூதனசாலையில் இருக்கிற காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதி போட்டது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம். சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனாவரை நாயினாருக்கு, அதாவது தெற்கே தெவிநுவர என்ற ஊரின் பெருமாளுக்கு. பொன் 1000, வெள்ளி 5000 என்று காணிக்கை மூன்றிலும் ஒன்றுபோலவே வருகிறது.

கல் சீனாவிலேயே தயாராகி வந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது. அப்படியென்றால் 600 வருடத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து யாரோ ஒருவர் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வியாபாரியா, மொழிபெயர்க்கும் துபாஷியா, கப்பலில் போன ஆளா? எனக்கு அரசனை விட அந்த மனிதரைத்தான் தேடவேண்டும் போலிருக்கிறது. ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் யாராவது இதை எடுங்கள், தயவுசெய்து. எந்த அரசன் பெரியவன் என்பதற்கு ஏற்கெனவே போதுமான கட்டுரைகள் இருக்கின்றன.

நூதனசாலைக்குப் போனால் கல்லின் இடது மேல்பக்கம் பாருங்கள், தமிழ் அங்கேதான். நேரே நின்றால் தேய்ந்த கல்தான் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள், வெளிச்சம் சரிந்து விழும்போது எழுத்து ஒவ்வொன்றாக எழும்பும்.