பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்

தார்ச்சாலை பாதி, மண்பாதை பாதி என்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டயர் வாங்கப் போனால் கண் முதலில் பட்டன் மேல்தான், அதாவது டயரில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள் மேல்தான் போகிறது. பட்டன் பெரிதாக இருந்தால் கிரிப் பிரமாதமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. என்னைக் கேட்டால் அகலமும் காற்றும்தான் முதலில். பட்டன் எல்லாம் அப்புறம்.

பட்டனின் வேலை மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பது. தாரில் எங்கே இறங்கும்? அங்கே ஒவ்வொரு பட்டனும் நம் எடைக்கு வளைந்து நிமிர்கிறது. மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். வளைவில் சாய்த்தால் ஓரப் பட்டன்கள் மடங்கி வண்டி நெளியும். கோடே இல்லாத டயர் மழையில் வழுக்காதா என்று உடனே கேட்பார்கள். காருக்கு அந்தப் பயம் நியாயம். சைக்கிள் டயர் குறுகல், உருண்டை, உள்ளே அழுத்தமும் அதிகம். நாம் போகிற வேகத்தில் தண்ணீர் தானாக ஒதுங்கிவிடும். ஈரத்தில் பிடிப்பைத் தருவது பெரும்பாலும் ரப்பரின் தரம்தான்.

அதனால் என் தேர்வு, நடுவில் வழவழப்பாகவோ நெருக்கமான சின்னப் பற்களோடோ இருந்து, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பட்டன் உள்ள டயர். அகலம் 40 முதல் 45 மி.மீ. ஃபோர்க்கிலும் பின்பக்கச் சட்டத்திலும் இருபுறமும் 5 மி.மீ.யாவது இடைவெளி மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். ஆழமான சேற்றிலேயே உழல்பவர் என்றால் இந்தப் பேச்சு உங்களுக்கில்லை, தாராளமாகப் பெரிய பட்டன் போடுங்கள்.

அடுத்து காற்று. டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது உச்சவரம்பு. அதைப் பார்த்துவிட்டு அவ்வளவும் அடித்துக் கல் மாதிரி ஆக்கிக்கொண்டு, மண்பாதையில் வண்டி குதிக்கிறது என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். குதிக்கிற சக்கரம் தரையைப் பிடிக்காது. 70 கிலோ ஆள், 40 மி.மீ. டயர் என்றால் 40 பிஎஸ்ஐ (பம்ப்பில் காட்டும் காற்றழுத்த அளவு) பக்கத்தில் ஆரம்பிக்கலாம். பின் சக்கரம்தான் அதிக எடை தாங்குகிறது, அதனால் முன்னால் 3, 4 குறைவாகவே இருக்கட்டும். சரளையில் கை அதிர்ந்தால் இன்னும் இரண்டு இறக்கிப் பாருங்கள். ரொம்ப இறக்கினால் கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். ட்யூப்லெஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும்.

முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். எனவே பட்டன் கூடுதலானது முன்னால், வழவழப்பானது பின்னால்.

கடைசியாக அளவு. 26 x 1.75 என்பதும் 26 x 1¾ என்பதும் கணக்கில் ஒன்று, ரிம்மில் வேறு வேறு. முதலாவது 559 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கு, மற்றது 571க்கு. 700சி, 29 இன்ச் இரண்டுக்குமோ ஒரே 622தான்! இன்ச்சை நம்பாமல், பழைய டயரின் ஓரத்தில் 40-622 (அகலம் 40, ரிம் விட்டம் 622) என்பது போல் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.