சார்லமேனுக்குச் சாவோ தோமேயில் என்ன வேலை?

ரெனே தவாரெஸின் ஓவியம் எதையாவது பகிர்ந்தால் போதும், யாராவது வந்து கேட்டுவிடுகிறார்கள்: "ஆப்பிரிக்க ஓவியர்தானே, ஐரோப்பிய ராஜா கதை இவருக்கு எதற்கு? சொந்த மரபு என்ன ஆயிற்று?" இந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது. பின்னூட்டத்தில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தவாரெஸ் 1983-இல் சாவோ தோமே தீவில் பிறந்தவர். செனகல் நாட்டின் டக்காரிலும், பிறகு பிரான்சின் ரென் நகரிலும் கலை பயின்றவர். அவருடைய தீவு கினி வளைகுடாவில், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. 1470 வாக்கில் போர்த்துகீசியர் அங்கே போய் இறங்கியபோது மனித வாடையே இல்லை. பிறகு கரும்பு நடுவதற்காக ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து அடிமைகளைப் பிடித்து வந்து இறக்கினார்கள். இன்றைய ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். "ஆதியில் எங்கள் முன்னோர் இங்கே" என்று தொடங்கும் கதை அந்த மண்ணில் யாருக்கும் கிடையாது. கைக்கு அகப்பட்டதை வைத்துத் தங்கள் பழங்கதையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

அப்படிக் கட்டியதுதான் தவாரெஸ் திரும்பத் திரும்பத் தொடும் சிலோலிக் கூத்து. மூலம், 16-ஆம் நூற்றாண்டில் பல்தசார் தியாஸ் என்ற பார்வையற்ற கவிஞர் போர்த்துகீசிய மொழியில் எழுதிய நாடகம். இடைக்கால ஐரோப்பாவை ஆண்ட சக்கரவர்த்தி சார்லமேனின் மகன், வால்தெவினோஸ் என்பவனின் மனைவிமேல் ஆசைப்பட்டு, அவனை வேட்டைக் காட்டில் கொன்றுவிடுகிறான். செத்தவனின் மாமன் மாந்துவா பிரபு நியாயம் கேட்டு வருகிறார். வாதம், பிரதிவாதம், கெஞ்சல் எல்லாம் முடிந்து, சக்கரவர்த்தி பெற்ற மகனுக்கே மரண தண்டனை விதிக்கிறார்.

இதை அந்தத் தீவில் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். திறந்த வெளியில் ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் சபை, எதிர்ப்பக்கம் துக்கம் காக்கும் மாந்துவா வீடு. நடுவில் ஒரு சின்னஞ்சிறு சவப்பெட்டி. கூத்து முடியும்வரை அது அங்கேயேதான் இருக்கும். புல்லாங்குழலும் மேளமும் ஓயாது. பெண் வேடம் உட்பட எல்லாம் ஆண்களே. ஒரே வேடம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதும் உண்டு. கம்பிவலை முகமூடி போட்ட பிரபுக்களுக்கு நடுவே, கறுப்புக் கண்ணாடியும் கைப்பெட்டியுமாக வக்கீல்கள் வருவார்கள். தொலைபேசி வரும், தட்டச்சுப் பொறி வரும். இந்த வக்கீல்கள் தியாஸின் நாடகத்தில் இல்லை. அவர்கள் பேசும் உரைநடை வசனங்கள் தீவுக்காரர்கள் பிற்காலத்தில் சேர்த்தவை. செய்யுளில் பாதி, கோர்ட்டுப் பேச்சில் பாதி என்று மணிக்கணக்கில் வழக்கு நடக்கும்.

அடிமைகள் இறக்கப்பட்ட கரையில், எசமானின் மொழியிலேயே, "ராஜா மகன் செய்தாலும் கொலை கொலைதான்" என்று ஊர் கூடி வாதாடியிருக்கிறார்கள். இதைவிடச் சொந்தமான மரபு என்ன வேண்டும்?

தவாரெஸிடம் எனக்குப் பிடித்தது அவருடைய கோடு. முதலில் அவர் கோட்டோவியக்காரர், அப்புறம்தான் வண்ணம் என்று தோன்றும். வண்ணம் வழிந்து இறங்க, உருவம் முழுதாக முடியாமலே நிற்கும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஏட்டில் பாதி, நினைவில் பாதியாக இருக்கும் ஒரு கடந்தகாலத்தை வழவழவென்று முடித்து வரைவதுதான் பொய்யாக இருக்கும் என்பேன்.

அதே தீவின் தெற்கே அங்கோலார் என்ற மீனவச் சமூகம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைந்தது, தப்பிக் கரையேறியவர்களின் வாரிசுகள் இவர்கள் என்பது ஐதீகம். அதற்கு அக்காலத்து ஆவணம் இல்லை, தோட்டங்களிலிருந்து ஓடிப்போய்க் காட்டில் சேர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் கப்பல் கதை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அதன்படி இவர்கள் அந்த மண்ணில் ஒருநாள்கூட யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. கால் வைத்த முதல் நாளிலிருந்தே சுதந்திரர்கள். அதை ஆராய்வது வரலாற்றாசிரியர் வேலை, வரைவது ஓவியர் வேலை.

1595-இல் அடிமைகளின் கிளர்ச்சியை நடத்தி, மறு ஆண்டே கொல்லப்பட்ட அமதோரைப் பாருங்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று எவருக்கும் தெரியாது. 1975-இல் விடுதலை பெற்ற நாடு, உள்ளூர் ஓவியர் ஒருவர் கற்பனையில் வரைந்த முகத்தைத் தன் பணத்தாளில் அச்சடித்தது. இப்போது ஊருக்கே அதுதான் அமதோர்.

எனக்கு மனத்தாங்கல் காட்சிக்கூடங்கள்மேல்தான். இத்தகைய படங்களுக்குப் பக்கத்தில் "அடையாளம்", "கலப்பு" என்று பெரிய வார்த்தைகளாக எழுதி வைக்கிறார்கள். கொலை செய்த இளவரசனின் கதையை யாரும் சொல்வதில்லை. அந்தக் கதையை நாலு வரியில் சுவரில் எழுதி வையுங்கள். கூத்தின் ஒலிப்பதிவைப் பக்கத்திலேயே ஓடவிடுங்கள். பார்க்க வருகிறவர், நடுவில் இருக்கும் அந்தச் சின்னச் சவப்பெட்டி யாருடையது என்றாவது தெரிந்துகொண்டு போகட்டும்.