மேட்டுப்பாத்தியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியுமா?

"மேட்டுப்பாத்திக்கு அடியில் அரையடி ஜல்லி கொட்டுங்கள், ஐப்பசி மழையிலும் வேர் அழுகாது" என்று டெல்டா பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

நுண்ணிய மண்ணிலிருந்து ஜல்லிக்குள் தண்ணீர் சட்டென்று இறங்காது. மேல்மண் முழுக்க ஊறிச் சொதசொதத்த பிறகுதான் கீழே சொட்டும். நனைந்த பஞ்சை ஜல்லி மேல் வைத்துப் பாருங்கள், ஈரம் பஞ்சிலேயே நிற்கும். ஆக, தண்ணீர் தேங்கும் இடத்தை வேருக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

நம் களிமண் தரையில் பாத்தியின் அடியைத் திறந்தே விடுங்கள். தரையை ஒரு சாண் ஆழம் கொத்துங்கள். சேறாக இருக்கும்போது மட்டும் வேண்டாம், இறுகிப்போகும். அப்புறம் ஓரடி உயரத்துக்குச் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். ஜல்லிக்கு வைத்த காசை எருவுக்குக் கொடுங்கள்.