என் கார் எடுத்த வீடியோ எனக்கு ஏன் கிடையாது?

சிவப்பு விளக்கு. கால் பிரேக்கில் இருக்கிறது, வண்டி முழுதாக நிற்கிறது. எனக்கு முன்னால் நின்ற காருக்குக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தோன்றியதோ என்னவோ, திடீரென்று ரிவர்ஸ் எடுத்தது. ஹார்ன் அடித்தேன், நிற்கவில்லை. மடார் என்று ஒரு சத்தம். பம்பர் கிழிந்து தொங்கியது, ஒரு விளக்கு போயே போய்விட்டது. இறங்கிப் போனால் அந்த மனிதர் என்னை முந்திக்கொண்டார். "பின்னாடி வந்து இடிச்சிட்டு எங்கிட்டயே வர்றீங்களா?"

அந்த நிமிஷம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் காரில்தான் கேமரா இருக்கிறதே என்ற தைரியம். முன்கண்ணாடிக்கு மேலே ஒன்று, பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் இரண்டு, பின்னால் ஒன்று, அப்புறம் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று. மொத்தம் ஐந்து. காரை விற்றவர் இதைச் சொல்லித்தான் விற்றார். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கார் உங்களுக்குச் சாட்சி சொல்லும் சார்." அதை நம்பித்தான் கூடுதலாகக் காசு கொடுத்து இந்த மாடலை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தேன். 'மோதல் கண்டறியப்பட்டது' என்று நாள், நேரம், இடம் எல்லாம் சரியாக வந்திருந்தது. வீடியோ மட்டும் இல்லை. மறுநாள் சர்வீஸ் சென்டர் போனேன்.

"அது நேரா ஹெட் ஆபீஸ் சர்வருக்குப் போயிரும் சார். நாங்களே பார்க்க முடியாது."

"சரி, அவங்ககிட்டக் கேட்டு வாங்கிக் கொடுங்க."

"தனியுரிமைக் கொள்கைப்படி கஸ்டமருக்குத் தர மாட்டாங்க சார்."

"யாரோட தனியுரிமை? வண்டியில இருந்தது நான் ஒருத்தன்தானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கணினியில் ஏதோ தட்டினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேலிடம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் வேலை அவருக்கு. ஆனால் அதே மேசையில், அதே நாற்காலியில், இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

அப்போது பிரச்சினை வேறு. தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அது ஓடும் வண்டியில் தானாகவே ஸ்டியரிங்கை இழுத்து நடைபாதை விளிம்பில் மோதவிட்டது. சக்கரம் வளைந்துவிட்டது. வாரண்டியில் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டேன். மூன்றே நாளில் பதில் வந்தது. ஒரு தாளை நீட்டினார்கள். அதில் மோதலுக்கு முந்தைய நொடிகளில் 'ஓட்டுநரின் பார்வை சாலையில் இல்லை' என்று ஒரு வரி. பக்கத்தில் என் முகம். கறுப்பு வெள்ளையில், கண் ஓரமாகத் திரும்பியபடி. நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த நொடி அது. ஒழுங்காக ஓட்டத் தெரிந்த எவரும் சில நொடிக்கு ஒரு முறை பார்க்கும் கண்ணாடி. அதைக் கவனக்குறைவு என்று எழுதி, வாரண்டி கிடையாது என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

அன்றைக்கு ஹெட் ஆபீஸ் சர்வரிலிருந்து என் முகம் வந்ததே, அதற்குத் தனியுரிமைக் கொள்கை குறுக்கே நிற்கவில்லையே? என் மேல் பழி போட வேண்டும் என்றால் மூன்று நாளில் படம் அச்சாகி வருகிறது. என் மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டும் என்றால் அதே கேமரா ஊமையாகிவிடுகிறது. நான் கேட்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இது எனக்கு மட்டும் நடந்த சின்ன விஷயம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். உயிர் போன வழக்குகளிலேயே இதுதான் நடந்திருக்கிறது.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கீ லார்கோ என்ற இடத்தில், ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதியைப் போட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு டெஸ்லா கார், சாலை முடிகிற இடத்தில் நிற்காமல் நேராகப் போய் ஓரமாக நின்ற வண்டியில் மோதியது. வண்டிக்குப் பக்கத்தில் நின்ற 22 வயதுப் பெண் இறந்துபோனார், கூட இருந்தவருக்குப் பலத்த காயம். ஓட்டுநர் கீழே விழுந்த கைபேசியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். தன் தப்பை அவர் ஒப்புக்கொண்டார், அதில் மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் கார் அந்த நேரத்தில் எதைப் பார்த்தது, எதைப் புரிந்துகொண்டது என்று குடும்பத்தார் கேட்டபோது அந்தப் பதிவு கிடைக்கவில்லை என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. குடும்பத்தின் தரப்பு ஒரு நிபுணரை வைத்து, காரிலிருந்த சிப்பைத் தோண்டிப் பார்த்தது. மோதிய சில நிமிடங்களிலேயே வீடியோவும் மற்ற பதிவுகளும் ஒரே கட்டாக நிறுவனத்தின் சர்வருக்குப் போயிருந்தன. போனதோடு, காரில் இருந்த பிரதி அழிக்கப்பட்டிருந்தது. வேண்டுமென்றே மறைக்கவில்லை, இருப்பதே தெரியாமல் போய்விட்டது என்று டெஸ்லா தரப்பு வாதாடியது. 2025 ஆகஸ்ட்டில் ஜூரி, விபத்தில் நிறுவனத்துக்கு 33 சதவீதப் பொறுப்பு என்று சொல்லி, சுமார் 24.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது.

அந்தத் தீர்ப்பின் தொகை எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'காரில் இருந்த பிரதி அழிக்கப்பட்டது' என்ற இடத்தில்தான் என் மனது நின்றுவிட்டது. விபத்து நடந்து சில நிமிடம். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்திருக்குமோ என்னவோ. அதற்குள் சாட்சி ஊர் மாறிவிட்டது. மகளைப் பறிகொடுத்த குடும்பம் அதைத் தேடி எடுக்க வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடும்பமாக இருந்தால்? சிப்பைத் தோண்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் போயிருந்தால்? முழுப் பழியும் ஓட்டுநர் தலையில் விழுந்து கோப்பு மூடப்பட்டிருக்கும்.

சரி, தனியுரிமை என்கிறார்களே, அதையாவது காப்பாற்றுகிறார்களா? 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 2019 முதல் 2022 வரை, வாடிக்கையாளர்களின் கார் கேமராக்கள் எடுத்த வீடியோக்களை டெஸ்லா ஊழியர்கள் சிலர் அலுவலக அரட்டையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று முன்னாள் ஊழியர்களே சொன்னார்கள். உடையில்லாமல் காரை நோக்கி நடந்து வரும் ஒருவர், சைக்கிளில் போன குழந்தை மேல் கார் மோதும் காட்சி, இப்படி. அடிபட்ட ஒரு குழந்தையின் வீடியோ அலுவலக அரட்டையில் சுற்றுகிறது, ஆனால் காருக்குச் சொந்தக்காரன் தன் பம்பர் உடைந்த வீடியோவைக் கேட்டால் கொள்கை இடம் கொடுக்காது! அதே வருஷம் செப்டம்பரில், ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் மோசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. நாங்கள் இதுவரை பார்த்த பொருள் வகைகளிலேயே கார்தான் மிக மோசம் என்று எழுதினார்கள்.

அப்புறம் குரூஸ் விவகாரம். ஜெனரல் மோட்டார்ஸின் ஓட்டுநரில்லா டாக்ஸி நிறுவனம் அது. 2023 அக்டோபர் 2, சான்ஃபிரான்சிஸ்கோ. வேறொரு கார் இடித்துத் தூக்கியெறிந்த ஒரு பெண், ஓட்டுநரில்லா குரூஸ் டாக்ஸியின் முன்னால் வந்து விழுந்தார். டாக்ஸி அவர் மேல் மோதி நின்றது. அதோடு விடவில்லை. ஓரம் கட்டுகிறேன் என்று மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கிய அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. பத்திரிகையாளர்களுக்கு நிறுவனம் காட்டிய வீடியோ, வண்டி முதலில் நின்ற இடத்தோடு முடிந்தது. தங்களுக்கும் இழுத்துச் சென்ற பகுதி முதலில் காட்டப்படவில்லை என்று கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறை சொன்னது. முழு வீடியோவையும் காட்டினோம் என்றது குரூஸ். பிறகு அந்த நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். அரசு அதிகாரிகளுக்கு வீடியோ காட்டிய கூட்டத்தில் இணைய இணைப்பு சரியில்லாமல் வீடியோ தடைப்பட்டது, அந்தப் பெண் இழுத்துச் செல்லப்பட்டது தெரிந்திருந்தும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, வீடியோவே பேசட்டும் என்று இருந்துவிட்டார்கள் என்று அவர்கள் அறிக்கை சொன்னது.

ஒரு பெண் காருக்கு அடியில் இழுபட்டிருக்கிறார். அது தெரிந்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் ஓடவில்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் கெடக் கூடாது என்ற எண்ணம் மனிதர்களை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் பெயரும் மிஞ்சவில்லை. உரிமம் நிறுத்தப்பட்டது, தலைமை அதிகாரி கைல் வோக்ட் விலகினார், பொய்யான அறிக்கை கொடுத்ததற்காக 2024 நவம்பரில் 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் திட்டத்துக்குப் பணம் போடுவதை நிறுத்திக்கொண்டது. முதல் நாளே முழுதாகக் காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

ஓட்டுநருக்கு எதிராக வீடியோ எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 2018 மார்ச்சுக்குப் போக வேண்டும். அரிசோனாவின் டெம்பியில் தானாக ஓடும் ஊபரின் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். சில நாளில் காவல்துறை வெளியிட்ட வீடியோவில் சாலை கும்மிருட்டாகத் தெரிந்தது. அடுத்த காட்சியில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். உலகமே தீர்ப்பு எழுதிவிட்டது: இருட்டு, யாராலும் தவிர்த்திருக்க முடியாது, ஓட்டுநர் வேறு கவனிக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்து மக்கள் அதே சாலையைக் கைபேசியில் எடுத்துப் போட்டார்கள். சாலை அவ்வளவு இருட்டாகவே இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்ததில், மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே காரின் கருவிகள் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்திருந்தன, ஆனால் கார் என்றும் சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. அந்தக் காரைத் தயாரித்த வால்வோ நிறுவனம் பொருத்தி அனுப்பிய தானியங்கி பிரேக், ஊபரின் அமைப்பு ஓட்டும்போது வேலை செய்யாதபடி வைக்கப்பட்டிருந்தது. இதெல்லாம் அந்த வீடியோவில் தெரியுமா? தெரியாது. அதில் தெரிந்தது ஓட்டுநரின் முகம் மட்டும்தான். குற்ற வழக்கும் அவர் மேல் மட்டும்தான் வந்தது. அவர் கவனிக்காமல் இருந்தது தப்பு, அதை நான் மறைக்கவில்லை. அந்த பிரேக்கை நிறுத்திவைக்க முடிவெடுத்தவர்களின் முகத்தைப் படம்பிடிக்க எந்தக் கேமராவும் இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

வேலையே ஓட்டுவதாக இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 2021இல் அமேசான் தன் டெலிவரி வேன்களில் கேமரா வைத்தபோது, ஓட்டுநர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்ததற்கெல்லாம் கவனச்சிதறல் என்று புள்ளி குறைந்ததாக அந்த ஓட்டுநர்கள் சொன்னதை நான் அப்போது படித்துவிட்டுக் கடந்துபோனேன். இப்போது அதே கண்ணாடி, அதே குற்றச்சாட்டு என் கையில் தாளாக இருக்கிறது. எனக்கு ஒரு சக்கரம்தான் போனது. அவர்களுக்குக் கைக்கு வர வேண்டிய போனஸ்.

சட்டமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2015இல் வந்த ஒரு சட்டம், விபத்துப் பதிவுக் கருவியில் இருக்கும் தகவல் வண்டியின் சொந்தக்காரருக்கே சொந்தம் என்கிறது. வேகம் எவ்வளவு, பிரேக் போட்டாரா, சீட் பெல்ட் மாட்டியிருந்தாரா என்பதைப் பதியும் சின்னப் பெட்டி அது. அந்தப் பெட்டி சொந்தக்காரருக்கு என்றால், பக்கத்திலேயே ஓடும் வீடியோ மட்டும் எப்படி நிறுவனத்துக்குப் போகும்? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய விதி இது. மோதல் நடந்தால் வீடியோ முதலில் காரிலேயே தங்க வேண்டும். சொந்தக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் பென் டிரைவில் இறங்க வேண்டும். சர்வருக்குப் போகட்டும், அதைப் பார்த்துத் தொழில்நுட்பத்தை மேம்படுத்தட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காரில் இருக்கும் பிரதியை யாரும் தொடக் கூடாது. என் மேல் குற்றம் சொல்ல என் முகத்தை எடுத்தால், அந்த நொடியின் மற்ற நான்கு கேமராக் காட்சிகளையும் சேர்த்தே எனக்குக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால், முன் கேமராவில் வண்டி திடீரென்று விளிம்பை நோக்கி இழுபட்டது தெரிந்திருக்கும்.

நேற்று கடையில் தனியாக ஒரு டேஷ்கேம் வாங்கி மாட்டினேன். ஏற்கெனவே ஐந்து கேமரா இருக்கும் காரில் ஆறாவது. மாட்டிக் கொடுத்த பையன் கேட்டான், "இதுல ஏற்கெனவே கேமரா இருக்கே அண்ணா?" இருக்கிறது தம்பி, ஆனால் என்னுடையது இல்லை என்றேன். இதன் மெமரி கார்டை நானே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

பம்பர் இன்னும் கயிறு கட்டித்தான் தொங்குகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் அந்த மனிதர் சொன்னதையும் நான் சொன்னதையும் எழுதி வைத்துக்கொண்டு ஆதாரம் கேட்கிறார்கள். திங்கள்கிழமை மறுபடி அந்த மேசைக்குப் போகிறேன். வீடியோ தர முடியாது என்றால், தர முடியாது என்பதை நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லப்போகிறேன். பக்கத்தில் அந்தப் பழைய தாளையும் வைப்பேன், என் முகம் இருக்கும் தாளை.