நவநீதம்பிள்ளை என்ற நீதிபதி

யாழ்ப்பாணத்தில் நவநீதம்பிள்ளை அம்மையாரின் பெயரை எடுத்தால், 2013 ஓகஸ்ட் மாதக் கடைசியில் அவர் இங்கு வந்ததும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பொது நூலகத்துக்கு முன்னால் படங்களோடு நின்றதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அன்று எங்கள் சனம் அவரை ‘எங்கட ஆள்’ என்றது. தெற்கிலே சில அமைச்சர்கள் அவரைப் பெண்புலி என்றார்கள். இரு தரப்பும் பார்த்தது அவருடைய தமிழ்ப் பிறப்பை மட்டுமே. அவர் வந்தது ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகராக. அதற்கு முன்னர் ஏறக்குறைய 13 ஆண்டுகள் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றங்களில் அவர் செய்த வேலையைப் பற்றி நாங்கள் பேசியது மிகக் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை.

தென்னாபிரிக்காவின் டேர்பனில் ஒரு பஸ் சாரதியின் மகளாகப் பிறந்து, அயலவர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தின் உதவியோடு பல்கலைக்கழகம் போனவர் அவர். வெள்ளையர் நடத்திய சட்ட நிறுவனங்களில் இடம் கிடைக்காததால் 1967இல் சொந்த அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் அப்படித் திறந்த, வெள்ளையரல்லாத முதல் பெண் அவர்தான். ரொபன் தீவில் அடைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகள் சட்டத்தரணிகளைச் சந்திக்கும் உரிமையை 1973இல் வழக்காடிப் பெற்றுக்கொடுத்தார். 1995இல் தென்னாபிரிக்க உயர் நீதிமன்றத்தில் பதில் நீதிபதியாக அமரும்வரை, 28 ஆண்டுகள் நீதிபதியின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே தொழில் செய்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அருஷாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1994இல் ருவாண்டாவில் துட்சி இனத்தவர்மீது நடந்த இனப்படுகொலையை விசாரித்த, ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தன்சானியாவின் அருஷா நகரில் இயங்கியது. அங்கு அவர் மற்ற இரு நீதிபதிகளுடன் அமர்ந்து விசாரித்தது, தபா என்ற பிரிவின் தலைவராக இருந்த முன்னாள் ஆசிரியர் ஜோன்-போல் அகயேசுவின் வழக்கை. வழக்கு தொடங்கியபோது குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை என்ற பேச்சே இல்லை. ‘ஜே’ என்ற எழுத்தால் அடையாளமிடப்பட்ட பெண் சாட்சி, தன் ஆறு வயது மகள் மூவரால் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டதைத் தானாகவே சொன்னார். நீதிபதிகள் அதைக் கடந்து போகவில்லை. தொடர்ந்து கேட்டார்கள், அப்போதுதான் அகயேசுவின் அலுவலகத்திலேயே இளம்பெண்கள் வல்லுறவுக்கு உள்ளானதாகக் கேள்விப்பட்டேன் என்று அவர் சொன்னார். பின்னர் ‘எச்’ என்ற இன்னொரு சாட்சி, இறுங்குத் தோட்டத்தில் தனக்கு நடந்ததையும், அந்த அலுவலகத்தைச் சுற்றி மற்றப் பெண்களுக்கு நடக்கத் தான் கண்டதையும் சொன்னார். 1997 ஜூனில் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2ஆம் திகதி வெளியான தீர்ப்பில், ஓர் இனக்குழுவை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலைச் செயலே என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முறையாகக் கூறியது. வல்லுறவை உடல் உறுப்புகளின் பட்டியலாக வரையறுக்க முடியாது என்றும், பலவந்தமான சூழ்நிலையில் ஒருவர்மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மையான ஊடுருவலே அது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அப்போது அந்தத் தீர்ப்பாயத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி அவர்தான். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் அவர் தலைமை தாங்கி விசாரித்த ‘ஊடக வழக்கு’, வானொலியும் பத்திரிகையும் கொலைக்குக் கருவியான கதை. வானொலியை நிறுவியோரில் இருவரான நஹிமானா, பரயக்விசா, பத்திரிகை ஆசிரியர் ங்கேசே ஆகிய மூவரும் 2003 டிசம்பரில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஆனால் 2007இல் மேன்முறையீட்டு மன்று அந்தத் தீர்ப்பின் சில பகுதிகளை நீக்கி, தண்டனைகளையும் குறைத்தது. இதை அவருடைய தோல்வி என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தன் தீர்ப்பையும் இன்னொரு மன்று கிழித்துப் பார்க்கும் என்று தெரிந்து எழுதுபவரே நீதிபதி, அது நடக்காத இடத்தில் இருப்பது அதிகாரம் மட்டுமே.

2003இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போனார். ‘அங்கே இருந்தவர் எங்களுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை’ என்று கேட்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இலங்கை இணையவில்லை. பாதுகாப்புச் சபையும் எங்கள் விடயத்தை அங்கு பாரப்படுத்தவில்லை. முன்னால் வராத வழக்கை எந்த நீதிபதியும், எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும், எடுத்து விசாரிக்க முடியாது. ருவாண்டாத் தீர்ப்பாயம்கூடப் பாதுகாப்புச் சபை 1994 நவம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தால்தான் பிறந்தது.

இங்கு வந்துபோன அந்தப் பயணத்தின் முடிவில், கொழும்பில் வெளியிட்ட அறிக்கையில் அவர் அரசை விமர்சித்ததோடு, விடுதலைப் புலிகளையும் கடுமையான சொற்களால் கண்டித்தார். எங்களில் சிலருக்கு அது கசந்தது. இரு பக்கத்துச் சாட்சியையும் கேட்டுப் பழகியவரிடம் வேறு என்ன எதிர்பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் அவருடைய படத்தைப் பகிர்வதைவிட அகயேசு தீர்ப்பை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நீளமானதுதான், ஆனாலும் அந்த இரு பெண்களின் சாட்சியம் உள்ள பகுதிகளையாவது வாசிக்கலாம். எங்கள் தாய்மார் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு கேட்கவேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்த சட்டத்தரணிகள் எங்களிடம் மிகச் சிலரே இருக்கிறார்கள், அந்தத் தாய்மாருக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது.