எந்த ஊர் என்று சொல்லாத கோட்டை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியம்மாவுடன் உட்கார்ந்து 'எ பிரின்சஸ் ஃபார் கிறிஸ்மஸ்' என்ற படத்தை மடிக்கணினியில் பார்த்தேன். ஹால்மார்க் தொலைக்காட்சிக்காக 2011-இல் எடுக்கப்பட்ட கிறிஸ்துமஸ் காதல் படம் அது. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனால் இந்த வகைப் படத்துக்குப் பாதி ஆங்கிலமே அதிகம். படம் தொடங்கிச் சிறிது நேரத்தில், பனி மூடிய மலையடிவாரத்தில் கூர்மையான கோபுரங்களோடு ஒரு கோட்டை திரையில் எழுந்தபோது, "இது எந்த ஊருடா?" என்று கேட்டார். "ஐரோப்பாவில் ஏதோ ஓர் இடம், பெரியம்மா" என்றேன். "ஏதோ ஓர் இடம்னா, அதுக்குப் பேரு இல்லையா?" என்றார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் படத்திடமே பதில் இல்லை.

கதை இதுதான். அமெரிக்காவில் ஜூல்ஸ் என்ற பெண், விபத்தில் இறந்துபோன தன் அக்காவின் இரண்டு பிள்ளைகளை வளர்த்துவருகிறாள். வேலை போய்விடுகிறது. பிள்ளைகளின் தந்தைவழித் தாத்தா கடல் கடந்த ஒரு தேசத்தின் பிரபு, சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டதற்காக இளைய மகனை ஒதுக்கிவைத்தவர். மகன் இறந்தபின் தனிமை வாட்ட, கிறிஸ்துமஸுக்குக் கோட்டைக்கு வரும்படி அழைப்பு அனுப்புகிறார். அங்கே மூத்த மகனான இளவரசன் இருக்கிறான். மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

மீதியைச் சொல்லத் தேவையில்லை என்பதைத்தான் பார்த்தவர்களில் பாதிப் பேர் குற்றமாகச் சொல்கிறார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது, நடுவில் வரும் பிணக்கு செயற்கையானது, முத்தத்துக்குக் கடைசி நிமிடம்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. ஹால்மார்க் 2009-இலிருந்து ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களை இத்தகைய படங்களால் நிரப்பிவருகிறது. விளம்பர இடைவேளைகளோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்படி அளந்து வெட்டிய சட்டைகள் அவை. அளவு தெரிந்துதான் மக்கள் வாங்குகிறார்கள். பதினெட்டாம் போர் தெருக்கூத்தில் விடிவதற்குள் துரியோதனன் விழுவான், திரௌபதி கூந்தலை முடிவாள் என்று தெரியாமலா நம் ஊர்க்காரர்கள் பாயை விரித்து உட்காருகிறார்கள்? தெரிந்த முடிவை நோக்கி எப்படி அழைத்துப்போகிறார்கள் என்பதுதான் சரக்கு. அந்த வகையில் இந்தப் படம் மோசமில்லை. பிள்ளைகள் இருவரும் சினிமாப் பிள்ளைகளாக இல்லாமல் கொஞ்சம் அடம்பிடிக்கிறார்கள், அது பிடித்திருந்தது.

படத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் நடிகர்களைச் சொல்கிறார்கள், அது நியாயமே. பிரபுவாக வருபவர் ரோஜர் மூர். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஏழு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஓடித் திரிந்தவர், இங்கே பெரும்பகுதி நாற்காலியில் அமர்ந்தபடியே, மகனைத் தொலைத்த கிழவனின் கடுகடுப்பை இரண்டு புருவங்களால் காட்டிவிடுகிறார். தாழ்ந்த குடும்பத்துச் சம்பந்தம் வேண்டாம் என்று விறைப்பாக நிற்கும் அந்தப் பிரபுவாக நடித்தவர், லண்டனில் ஒரு சாதாரணக் காவலரின் மகனாகப் பிறந்தவர் என்பது எனக்குத் தனி வேடிக்கை. இளவரசனாக வரும் சாம் ஹியூவன் ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்கப் பெண்ணாக வரும் கேட்டி மெக்ராத் அயர்லாந்துக்காரர். ஐரோப்பாவின் நடுவில் இருப்பதாகத் தோன்றும் கோட்டையில் சமையல்காரி முதல் சீமாட்டி வரை எல்லாரும் பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுவதைப் பலரும் கேலி செய்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெரியம்மாவின் கேள்வி உட்கார்ந்துகொண்டே இருந்தது.

படத்தில் அந்தக் கோட்டையின் பெயர் காசில்பரி ஹால். அதன் உண்மையான பெயர் பெலெஷ். அது ருமேனியாவில், கார்பாத்தியன் மலைத்தொடரின் அடிவாரத்தில் சினாயா என்ற ஊரில் இருக்கிறது. ஜெர்மானிய அரசகுலத்திலிருந்து வந்து ருமேனியாவை ஆண்ட முதலாம் கரோல் மன்னர் கட்டியது, 1883-இல் திறப்புவிழா கண்டது, அக்காலத்திலேயே மின்விளக்கு எரிந்த கோட்டை. பிறகு கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சியில் 1975 முதல் பொதுமக்கள் உள்ளே போக முடியாதபடி மூடிக் கிடந்தது. படப்பிடிப்புக்கு ருமேனியாவைத் தேர்ந்தெடுப்பதில் மர்மம் ஏதுமில்லை. செலவு குறைவு, தேர்ந்த தொழிலாளர்கள் உண்டு, கோட்டைகளும் பனியும் செட் போடாமலே கிடைக்கும். 2014-இல் ஹால்மார்க்குக்காக எடுக்கப்பட்ட இன்னோர் அரசகுலக் கிறிஸ்துமஸ் படம் கோர்டினியா என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது, அதையும் ருமேனியாவில்தான் எடுத்தார்கள்.

கற்பனை நாடு என்பதில் எனக்கு வழக்கில்லை என்று முதலில் நினைத்தேன். நம் பாட்டிகளும் "ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா" என்றுதான் தொடங்கினார்கள், எந்த ஊர் என்று நாமும் கேட்டதில்லை. ஆனால் பாட்டியின் ராஜாவுக்கு வீடு இல்லை. கேட்கிற பிள்ளை தனக்குத் தெரிந்த பெரிய வீட்டை, ஊர்க் கோயில் மண்டபத்தையோ பண்ணையார் வீட்டுத் திண்ணையையோ, எடுத்து அவனுக்குக் கொடுத்துவிடும். இந்தப் படமோ உண்மையான வாசலையும் உண்மையான கோபுரங்களையும் காட்டிவிட்டு, அவை யாருடையவை என்பதை மட்டும் துடைத்துவிடுகிறது. அது கதைசொல்லியின் சுதந்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டை வாடகைக்கு எடுப்பது போலத்தான் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்துப் புல்வெளிகளில் பாட்டெடுத்த நம் தமிழ்ப் படங்களும் இதையே செய்தன என்று யாரேனும் சொல்வீர்கள். சரிதான். ஆனால் நாம் நான்கு நிமிடத்தில் ஊர் திரும்பிவிடுவோம், அந்த மலையே எங்கள் ஊர் என்று முழுப் படமும் சாதித்ததில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், துடைத்துப்போட்ட கதை படத்தின் கதையைவிட நூறு மடங்கு கனமானது, அதுவும் அதே கதைதான். சாதாரணப் பெண்ணை மணந்ததால் ஒதுக்கப்பட்ட மகன் என்ற ஒற்றை ஆணியில்தான் படம் முழுவதும் தொங்குகிறது. பெலெஷைக் கட்டிய அந்த அரசகுலத்திலேயே பட்டத்து இளவரசர் கரோல் 1918-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒடெசா நகருக்குப் போய் ஸிஸி லம்ப்ரினோ என்ற அரசகுலம் சாராத பெண்ணை மணந்துகொண்டார். அரண்மனை அழைப்பு அனுப்பவில்லை, கிறிஸ்துமஸ் மரத்தடியில் மன்னிப்பும் நிகழவில்லை. அடுத்த ஆண்டே நீதிமன்றம் அந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தான். இளவரசரோ 1921-இல் கிரேக்க இளவரசி ஒருவரை மணந்துகொண்டார். படத்தில் ரோஜர் மூர் இரண்டு காட்சிகளில் கண் கலங்கித் தீர்த்துவைக்கும் சிக்கல், அந்தக் கோட்டைக்காரர்களின் வாழ்க்கையில் தீரவே இல்லை.

நான் கேட்பது சோகப் படம் அல்ல. டிசம்பர் மாதத்தில் யாரும் அழுவதற்காகத் தொலைக்காட்சி முன் உட்காருவதில்லை. ஆனால் ருமேனியாவில் எடுத்த கிறிஸ்துமஸ் படத்தில் ருமேனியக் கிறிஸ்துமஸ் ஒரு கைப்பிடியாவது இருந்திருக்கக் கூடாதா? அங்கே வீடுவீடாகப் போய்ப் பாடும் கொலிந்தே பாடல்கள் இருக்கின்றன, ஆண்கள் குழுவாகப் பாடும் அந்தச் சடங்கை 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முட்டைக்கோஸ் இலையில் கொத்திறைச்சியைச் சுருட்டி வேகவைக்கும் சர்மாலே இருக்கிறது, வால்நட் வைத்துச் சுருட்டிய கொசொனாக் ரொட்டி இருக்கிறது. கரடித்தோல் போர்த்து ஆடுகிற ஆட்டம் சில வட்டாரங்களில் இன்றும் நடக்கிறது. நம் ஊர்ப் புலியாட்டம் பார்த்தவர்கள் அதைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். படத்தில் இருப்பதோ எந்த அமெரிக்கக் கடைவீதியிலும் கிடைக்கிற மரமும் மணியும் விருந்து நடனமும்தான். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அந்த நாட்டின் கிறிஸ்துமஸ் தாத்தாவைக்கூட மாற்றி, மதச்சாயல் இல்லாத உறைபனித் தாத்தா ஒருவரைப் பொதுமேடையில் நிறுத்தியிருந்தார்கள். பண்டிகை அவர்களுக்கு முழுதாகத் திரும்பக் கிடைத்தது 1989 டிசம்பர் புரட்சியில், அதே கிறிஸ்துமஸ் நாளில் சௌஷெஸ்கு சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு. அப்படி மீட்டெடுத்த பண்டிகையை அவர்கள் மண்ணிலேயே வேறொருவர் பண்டிகையால் மூடிப் படமெடுப்பதில், எடுத்தவர்களுக்குத் தெரியாமலே ஓர் அலட்சியம் இருக்கிறது.

படப்பிடிப்பால் அங்குள்ளவர்களுக்கு வேலை கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. திரையில் பார்த்த கோட்டையைத் தேடிப் பயணிகள் சினாயாவுக்குப் போகவும் கூடும். ஆனால் 2017-இல் நடந்தது என் நினைவை விட்டுப் போகவில்லை. அந்த நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட இன்னொரு கிறிஸ்துமஸ் காதல் படத்தில், பெலெஷ் கோட்டை அல்டோவியா என்ற இல்லாத நாட்டின் அரண்மனையாக வந்தது. உலகமே அதைக் கேலியும் கொண்டாட்டமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 5 அன்று ருமேனியாவின் கடைசி மன்னர் மிஹாய் சுவிட்சர்லாந்தில் காலமானார். சினாயாவிலேயே, பெலெஷை ஒட்டிய அரச வளாகத்தில் பிறந்தவர் அவர். டிசம்பர் 13 அன்று அவருடைய உடலை விமானத்தில் கொண்டுவந்து, தலைநகருக்கு எடுத்துச்செல்லும் முன் அந்தப் பெலெஷ் கோட்டையிலேயே அஞ்சலிக்கு வைத்தார்கள்.

இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அது ருமேனியா என்று சொன்னேன். அந்த ராஜா என்ன ஆனார் என்று கேட்டார். 1947 டிசம்பர் 30 அன்று கம்யூனிஸ்டுகள் மன்னர் மிஹாயைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கி முடியைப் பறித்தார்கள் என்றேன். நாற்பத்து மூன்று வருடம் கழித்து, 1990-இல், சரியாகக் கிறிஸ்துமஸ் அன்று முன்னோர்களின் கல்லறையில் வணங்குவதற்காக அவர் குடும்பத்தோடு வந்து இறங்கியதையும், நெடுஞ்சாலையில் காவலர்கள் காரை மறித்து விமான நிலையத்துக்கே திருப்பி அழைத்துப்போய் நாட்டை விட்டு அனுப்பியதையும் சொன்னேன்.

பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்புறம் எப்பதான் விட்டாங்க?" என்று கேட்டார்.

"தொண்ணூற்றிரண்டு ஈஸ்டருக்கு, பெரியம்மா. தெருவெல்லாம் ஜனம்."

"அதை யாராவது படமா எடுத்திருக்காங்களா, பாரு" என்றார்.