அல்பம் இல்லாத உறவு

யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் பத்திரங்களில் பெரும்பங்கு, வெளிநாட்டில் இருப்பவர் தன் துணையையோ குடும்பத்தாரையோ அங்கே அழைத்துக்கொள்ளக் கொடுக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பங்களுக்கானவை: பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், உறவினர் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடிதங்கள். கலியாணத்தின் வழியாக ஒருவர் கடல் கடந்து போவது எங்கள் ஊருக்குப் புதிய விடயமல்ல. போர்க்காலத்தில், அகதி அந்தஸ்துக் கோரியிருந்த மாப்பிள்ளை இலங்கைக்கு வர முடியாத நிலையில், பெண்ணும் பெற்றாரும் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் மண்டபம் எடுத்துத் தாலி கட்டுவித்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. பொன்னுருக்கிலிருந்து கால்மாறிப் போவது வரை ஒவ்வொரு சடங்கையும் படமெடுத்து, படத்தில் நிற்பவர் யார், என்ன முறை என்று பின்புறத்தில் எழுதி, கனமான அல்பமாகத் தூதரகத்துக்குக் கொடுத்தோம். சனம் காணாது, நெருங்கிய உறவினர் வரவில்லை என்று விசா மறுக்கப்பட்ட கதைகளைக் கேட்டபின், தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரையும் அழைத்துப் பந்தியில் இருத்தினோம். ஓர் உறவு உண்மையானது என்று முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு நிரூபிப்பது எவ்வளவு வதைப்பானது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுத நினைக்கிறேன். அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். அவருடைய துணை ரொறொன்ரோவில் இருக்கிறார். அவரும் ஒரு பெண். எட்டு ஆண்டு உறவு. அதில் இரண்டு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறையில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். கடைசி மூன்று ஆண்டுகளாகப் பிரிவு. அவர் கொண்டுவந்த கோப்பில் பதினொரு படங்கள் மட்டும் இருந்தன. கசூரினாக் கடற்கரையில் எடுத்த படத்தில் இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. படத்தை எடுத்தவர் தம்பி என்பதால் வந்த இடைவெளி அது. அறை வாடகைத் துண்டு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தது, வீட்டுக்காரருக்கு அவர்கள் கூடப் படித்த தோழிகள். வட்ஸ்அப் உரையாடல்களைக் கேட்டேன். “ஒவ்வொரு நாளும் இரவு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் படுப்பன் அக்கா, தம்பி போனை எடுத்துப் பாப்பான்” என்றார்.

சட்டம் அவருக்கு முழுவதும் எதிரானதல்ல. கனடா 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டவிதிகளிலேயே ஒருபால் துணைவரை ஸ்பொன்சர் செய்ய இடமளித்தது. ஒருபால் திருமணம் அங்கு நாடு முழுவதும் சட்டமானது 2005 ஜூலையில். கணவன் மனைவியாகப் பதிந்தவர்கள் ஒரு வகை. பதியாவிட்டாலும் 12 மாதங்கள் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் இன்னொரு வகை. திருமணம் செய்யவோ ஒன்றாக வாழவோ சட்டமோ குடிவரவுத் தடையோ இடங்கொடாத நிலையில், குறைந்தது ஓராண்டாக உறவில் இருப்பவர்களுக்கென மூன்றாவது வகையும் உண்டு. ஒன்றாக இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு வாடகைத் துண்டுகூட ஒருவர் பெயரில்தான் என்பதால், இந்தப் பெண்ணுக்குப் பொருந்துவது அந்த மூன்றாவதுதான். இலங்கையில் பதிவுத் திருமணம் அவர்களுக்கு இல்லை. தொலைபேசியிலோ இணையத்திலோ ஒருவர் நேரில் இல்லாமல் நடக்கும் திருமணங்களைக் கனடா 2015 ஜூன் முதல் குடிவரவுக்கு ஏற்பதில்லை. வருகை விசாவில் போய் அங்கே மணம் செய்யலாம் என்றால், கனடாவில் துணை இருக்கும் மணமாகாத ஒரு பெண் திரும்பி வருவார் என்று நம்பி எந்த அதிகாரி இலகுவில் விசா கொடுப்பார்?

இந்த மூன்றாவது வகையில்தான் ஆதாரத்தின் சுமை மிகவும் கூடியது. குடும்பத்தார் அறிவார்களா, ஊரில் தம்பதியாகப் பழகினீர்களா, ஒருவருடைய பணத்தை மற்றவர் பகிர்ந்தீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் எங்கள் குற்றவியற் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. ஒருபால் உறவுக்கு எதிராகப் பயன்படும் அதன் 365ஆம் பிரிவு பத்து ஆண்டு வரையும் 365அ பிரிவு இரண்டு ஆண்டு வரையும் சிறை விதிக்க இடமளிக்கிறது. ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, தளர்வதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளடக்கியது. இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னும் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. இங்கே உயிரும் மானமும் காக்க ஒளித்து வைத்த வாழ்க்கை, அங்கே கோப்பைத் திறக்கும்போது ஆதாரமற்ற வாழ்க்கையாகத் தெரிகிறது. அந்தப் பெண் அழித்த ஒவ்வொரு செய்தியும் அவர் கேட்கும் விசாவுக்கு வேண்டிய செய்தி.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று நினைக்க வேண்டாம். ரிச்சர்ட் அடம்ஸ் என்ற அமெரிக்கரும் அன்ரனி சலிவன் என்ற அவுஸ்திரேலியரும் 1975இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் முறையாக உரிமம் பெற்று மணந்தார்கள். கணவருக்காக அடம்ஸ் கொடுத்த விண்ணப்பத்துக்கு, இரு ஆண்களுக்கிடையில் தாம்பத்தியம் இருக்க முடியாது என்று, இழிசொல்லோடு, அரசாங்கக் கடிதத்திலேயே பதில் வந்தது. 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணங்களை மத்திய அரசு ஏற்காதிருந்த சட்டப்பிரிவை நீக்கியபோது அடம்ஸ் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டு இறந்துவிட்டார். சலிவனுக்கு அவருடைய துணைவர் என்ற வகையில் வதிவிட அட்டை கிடைத்தது 2016இல். நாற்பத்தொரு ஆண்டுகள். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வெளிநாடு போவதற்காகவே இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. பொய்யான ஸ்பொன்சர் கலியாணங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் எங்கள் ஊரிலேயே நடந்திருக்கின்றன, காசு வாங்கித் தாலி கட்டியவர்களும் இருந்தார்கள். அதற்காக ஸ்பொன்சர் கலியாணமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்தால் தங்கையின் சம்பந்தம் குழம்பும் என்று அஞ்சும் வீட்டில் இருக்கும் ஒரு பெண், விசாவுக்காக மட்டும் தன் பெயருக்கு எதிரே இதை எழுதிக் கையொப்பமிடுவார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது குடும்பத்தாரிடம். கனடாவின் விதியை நாம் மாற்ற முடியாது, கொழும்பில் சட்டம் மாறும் வரை இவர்களுடைய வயது காத்திருக்காது. ஆனால் படத்தில் பக்கத்தில் நிற்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லலாம். ஒரு கடிதம் எழுதலாம். திருச்சி மண்டபத்துக்கு முன்பின் தெரியாதவரையும் அழைத்துப் படத்தில் நிறுத்திய சமூகத்துக்கு, பெற்ற பிள்ளைக்காக ஒரு பக்கம் எழுதுவது இயலாத காரியமல்ல.

அந்தப் பெண்ணுக்கு ஒருவர் எழுதினார். தாய் மறுத்துவிட்டார், எழுதியவர் சின்னம்மா. கோடிட்ட கொப்பித்தாளில், நீல மையில், தான் வவுனியாவில் இருந்த காலத்தில் இருவரும் தன் வீட்டுக்கு வந்து தங்கியதையும், காய்ச்சலில் கிடந்த ஒருத்திக்கு மற்றவள் இரவிரவாகக் கண்விழித்துக் கஞ்சி பருக்கியதையும் எழுதியிருந்தார். கடிதத்தின் முதல் வரியிலேயே “எனது பெறாமகளும் மருமகளும்” என்றிருந்தது. பெறாமகள் என்றால் உடன்பிறந்தாளின் மகள். ‘மருமகள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு: பிள்ளையைக் கட்டி வருபவளுக்கு ஒன்று, உடன்பிறந்தானின் மகளுக்கு இன்னொன்று. உடன்பிறந்தானின் மகள் என்று பெயர்த்தால் இருவரும் மச்சாள்மார் என்று அதிகாரி நினைத்துக்கொள்வார், கோப்பே கெட்டுப்போகும். தொலைபேசியில் அவரை அழைத்து, எந்த முறையில் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“பிள்ளை, என்ரை பெறாமகள் கட்டப்போற பெட்டை எனக்கு வேறை என்ன முறை?” என்றார்.

அப்படியே பெயர்த்து, அடிக்குறிப்பில் விளக்கமும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.